ஊசி தேயட்டும்

அபிப்பிராயம் சொல்லுவதற்கு நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமக்கு மட்டும் அந்த லைசென்ஸ் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களில் முதல் பீடம் பழைய கிராமபோன் தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு.

பழைய தஞ்சாவூர் ஜில்லா இன்று தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று நான்காகிவிட்டது. நான்கிலும் இந்த இனம் இருக்கிறது. ரிடையரான உபாத்தியாயராக இருக்கலாம், வக்கீலாக இருக்கலாம், நிலத்தை விற்றுவிட்டு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவராக இருக்கலாம். கூடத்துக்கு அடுத்த அறையில் ஒரு தேக்கு பீரோ நிற்கும். சாவி அவர் இடுப்பில். நீங்கள் போனால் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார். பிறகு பீரோவைத் திறப்பார். நாய் படம் போட்ட தட்டு, கொலம்பியா தட்டு, ஓடியன் தட்டு என்று ஒவ்வொன்றாக உறையிலிருந்து பாதி உருவிக் காட்டுவார். நம்பர் சொல்லுவார். எந்த ஊர்ப் பழைய சாமான் கடையில் என்ன விலைக்கு அகப்பட்டது என்று சொல்லுவார். "ஒன்று போட்டுக் காட்டுங்களேன்" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டீர்களோ, முகம் மாறிவிடும்.

"போடறதாவது! ஒவ்வொரு தடவை ஊசி ஓடறபோதும் ஒரு பிடி தோடி தேஞ்சு போறது, ஓய்!"

பீரோ மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு சங்கீதத்துக்குப் பதிலாக அபிப்பிராயங்கள் வரும். ராஜரத்தினம் பிள்ளையோடு நாயனம் போச்சு. மைக் வந்தது, சாரீரம் போச்சு. ஆடுதுறை இருபத்தேழு வந்தது, சோற்றில் ருசி போச்சு. காஸ் அடுப்பு வந்தது, காப்பியில் மணம் போச்சு. மேட்டூரில் அணை கட்டினான், காவேரியில் வண்டல் போச்சு. 'போச்சு' என்பதுதான் அவருக்கு ஆதார சுருதி. எந்த ராகத்தை எடுத்தாலும் அங்கே வந்துதான் நிற்பார்.

இவற்றில் ஒன்றிரண்டு வாஸ்தவமாகவே இருக்கலாம். காப்பிக்காக நான் யாரோடும் சண்டைக்குப் போகிறவன் அல்ல. என் சண்டையெல்லாம் செத்துப்போனவர்களைக் கையில் எடுத்துக்கொண்டு, இருக்கிறவர்களை அடிக்கிற வழக்கத்தோடுதான். அந்த அடி யார் முதுகில் விழுகிறது என்று யாராவது பார்க்கவேண்டாமா?

முதலில் தட்டு என்றால் என்ன என்று பார்ப்போம். காட்டு மரங்களில் அரக்குப் பூச்சி விட்ட பிசினைக் காய்ச்சி, கல் மாவும் கரியும் கலந்து அச்சில் அமுக்கியது. நிமிஷத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம் ஓடும். கொஞ்சம் கூட இருந்தால் மூன்றரை. அவ்வளவுதான் அதன் ஆயுள்.

இப்போது நாயனம் என்றால் என்ன என்று பார்க்கலாம். கோயிலில் உத்ஸவம். சுவாமி வெளியே வருகிறார். கம்பீர நாட்டையில் மல்லாரி முழங்குகிறது. சந்நிதித் தெரு திரும்பியதும் நாயனக்காரர் ஒரு ராகத்தைத் தொடுகிறார். ஒரு முக்கில் நின்று வாசிக்கிறார், நடந்துகொண்டே வாசிக்கிறார், தேங்காய் உடைப்பதற்காகச் சுவாமி நிற்கிற இடத்தில் தவில்காரருக்கு வழி விடுகிறார். திண்ணைகளில் பாதி ஜனம் தூங்குகிறது, பாதி ஜனம் தலையாட்டுகிறது. நான்கு வீதியும் சுற்றிக் கோயிலுக்குள் போகிறபோது கிழக்கு வெளுக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்காக வாசிப்பார் என்பது நம் தாத்தாக்கள் எல்லாரும் சொன்ன சேதி. அந்தத் தோடி வேறு. தட்டில் இருக்கிற தோடி வேறு.

தட்டில் இருப்பது மட்டம் என்று நான் சொல்லவில்லை. அந்த மகா கலைஞர் மூன்று நிமிஷ வியாபாரத்துக்கு இணங்கி, அந்தச் சின்னச் செப்புக்குள் எவ்வளவு அடக்க முடியுமோ அவ்வளவையும் அடக்கியிருக்கிறார். ஆயிரம் பக்கம் எழுதுகிறவன் ஒரு நல்ல சிறுகதை எழுதிக் கொடுத்த மாதிரி. ஆனால் சிறுகதையைப் படித்துவிட்டு, "இதுதான் நாவல், இனிமேல் ஒருவனும் நாவல் எழுதக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்லுகிறவரை நாம் என்ன சொல்லுவோம்?

அந்தத் தீர்ப்பில் ஒரு பெரிய அநியாயமும் இருக்கிறது. தட்டு போடுகிற கம்பெனி நன்றாக வந்ததைத்தான் வெளியிடும். சரியாக வராததைத் தள்ளிவிடும். கல்யாண ஆல்பத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற மாப்பிள்ளை இருக்கமாட்டார் அல்லவா? அப்படித்தான். மூச்சு வாங்கிய இடம், சீவாளி தொண்டை கட்டிக்கொண்ட இடம், மழையில் தவில் தொய்ந்துபோன ராத்திரி, இவை ஒன்றும் தட்டில் கிடையாது. இவ்வளவையும் வடிகட்டி எடுத்த மூன்று நிமிஷத்தை ஒரு தட்டிலும், கொசுக்கடியில் நாலு மணி நேரம் வாசிக்கிற இன்றைய மனிதனை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்தால் முள் எந்தப் பக்கம் சாயும்? தராசே பொய்த் தராசு.

இன்னொரு பொய்யும் உண்டு. "அந்தக் காலத்திலே என்ன கட்டையிலே பாடியிருக்கான் பாரும்!" என்பார் நம் நண்பர். மைக் இல்லாத காலத்தில் உயர்ந்த சுருதியில் பாடினார்கள் என்பது மெய்தான். ஆனால் ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதிவானவை அல்ல. எழுபது, எழுபத்தைந்து, எண்பது என்று கம்பெனிக்குக் கம்பெனி, தட்டுக்குத் தட்டு வித்தியாசம். கொஞ்சம் மெதுவாகப் பதிந்ததை இவர் பெட்டியில் எழுபத்தெட்டில் சுற்றினால் சுருதி தானாக ஏறும். பிருகாவும் தானாக வேகமாகும். பாடினவர் பாடாத கட்டையைக் கேட்டு இவர் கண்ணீர் விடுகிறார். பெட்டிக்குச் சாவி கொடுத்த கைக்கு அல்லவா அந்தக் கண்ணீர் சேரவேண்டும்?

அப்புறம், தட்டே இல்லாதவர்கள் கதி என்ன? வையைச்சேரி மகா வைத்தியநாதையர் 1893-ல் காலமானார். இந்தியாவில் கிராமபோன் கம்பெனி முதல் முதலாகப் பாட்டைப் பதிவு செய்தது 1902-ல், கல்கத்தாவில். ஒன்பது வருஷ வித்தியாசத்தில் அந்த மகாநுபாவரின் குரல் காற்றோடு போய்விட்டது. அதனால் அவர் வித்வான் இல்லை என்று ஆகிவிடுமா? தட்டு உள்ளவர்கள் விஷயத்திலும் பாருங்கள். லேபிளில் நாயனக்காரர் பெயர் பெரிதாக இருக்கும். ராத்திரி முழுக்க மூச்சை அடக்கி ஒத்து ஊதிய மனிதனை எந்த லேபிளில் தேடுவது? வாத்தியத்தைக் கடைந்து கொடுத்த ஆசாரியை எங்கே தேடுவது?

இந்த 'போச்சு' வியாதி காவேரிக் கரைக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் ஜாஸ் என்று ஒரு சங்கீதம். அதுவும் நம் நாயனத்தைப் போலத் தெருவில் வளர்ந்ததுதான். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஊர்வலத்திலும் சாவிலும் ஊதி ஊதிப் பழகிய கறுப்பு மக்களின் சங்கீதம். அதன் ஆதி புருஷர்களில் ஒருவரான பட்டி போல்டன் 1931-ல் இறந்தார். அவர் ஊதியதற்கு ஒரு தட்டுகூட இன்றுவரை அகப்படவில்லை. அகப்படாததனாலேயே அவர் புராண புருஷராகிவிட்டார்.

அந்த ஜாஸ் தட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் ஒருவர் அபிப்பிராயம் சொன்னார். பிலிப் லார்க்கின் என்ற கவிஞர். சர்வகலாசாலை ஒன்றின் நூலகர். 1961 முதல் பத்து வருஷம் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகையில் தட்டு மதிப்புரை எழுதினார். 1970-ல் அவை புத்தகமாக வந்தன. நல்ல எழுத்துத்தான், சந்தேகமில்லை. ஆனால் முன்னுரையில் சங்கதி நம் கும்பகோணத்து நண்பருடையதுதான். தாம் சிறு பிள்ளையாக இருந்தபோது கேட்ட ஜாஸ்தான் ஜாஸ். சாக்ஸபோன் வாசித்த சார்லி பார்க்கர் (1920–1955) வந்து எல்லாவற்றையும் கெடுத்தார். கவிதையை எஸ்ரா பவுண்டு கெடுத்த மாதிரி, சித்திரத்தைப் பிக்காஸோ கெடுத்த மாதிரி. எல்லாம் போச்சு!

அப்படிக் கெடுத்ததாகச் சொல்லப்பட்ட பார்க்கரின் வழியில் வளர்ந்த வேறொரு சாக்ஸபோன்காரர் இருந்தார். பாஸ்டனில் பிறந்த சார்லி மரியானோ (1923–2009). அவர் நம் நாகஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, ஒரு மாணாக்கனாக உட்கார்ந்து கற்றுக்கொண்டு, 1970களில் தம் சொந்தத் தட்டுகளிலேயே அதை வாசித்தார். அவருக்குத் தெரிந்த சங்கதி இது: நாயனம் எங்கேயும் போய்விடவில்லை, வாசிக்கிறவன் எதிரே உட்கார்ந்தால் அது இருக்கிறது. அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்தவருக்குத் தெரிந்தது, சந்நிதித் தெருவில் குடியிருக்கிறவருக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? தட்டுக்காரர் காப்பாற்றுவது சங்கீதத்தை அல்ல, தம் வாலிபத்தை என்பதுதான் என் கட்சி. பதினெட்டு வயதில் கேட்டது எல்லாருக்கும் இனிக்கும். அது குற்றமல்ல. அந்த இனிப்பையே உலகத்துக்குச் சட்டமாக்குவதுதான் குற்றம். அந்தக் காலம் பொற்காலம் என்கிறாரே, யாருக்கு என்று கேட்கவேண்டும். 1960களில் வந்த ஆடுதுறை 27 நெல்லில் கிச்சிலிச் சம்பாவின் ருசி இல்லைதான். ஆனால் சீக்கிரம் விளைந்தது, குறுவையைப் பெருக்கியது, வருஷம் முழுக்கக் கிச்சிலிச் சம்பாவை அறுத்துவிட்டுக் கஞ்சி குடித்தவன் வயிற்றுக்கு அது நெல்லாகத்தான் இருந்தது. நம் நண்பர் ஏங்குகிற அந்த நாட்களில்தான், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி, கீழ்வெண்மணியில், கூலி நெல் கூடக் கேட்ட தொழிலாளர்களின் பெண்டு பிள்ளைகள் உட்பட 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். தோடி மணத்த அதே வயல்காட்டில்தான். அந்தக் காலத்தை முழுசாக வேண்டும் என்கிறவர், இதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும்.

இந்த இடத்தில் தட்டின் கட்சியையும் நான்தான் பேசவேண்டியிருக்கிறது. பீரோக்காரர் பேசமாட்டார். ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939-ல். அதற்கு முன்னால் பலருக்குக் கோயில் வாசலே எட்டாத தூரம். அக்கிரகாரத்துத் திண்ணை அதற்கும் எட்டாத தூரம். கிராமபோன் பெட்டியோ ஜாதி கேட்காது. டீக்கடையில் வைத்தால் டீக்கடையில் பாடும்; தெரு முனையில் வைத்தால் தெரு முனையில் பாடும்.

பெண்கள் விஷயம் இன்னும் பெரிது. 1902-ல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், பாட்டை முடித்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார். பெரிய மனிதர்கள் யார் பெயரைச் சொல்லக் கூசினார்களோ, அவர்கள் பெயரைத் தட்டு சொல்லிற்று. கோயமுத்தூர் தாயி (1872–1917) தட்டில் பாடினார். திருவையாற்று ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதிருந்த காலத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) தட்டில் பாடினார். தம் சொத்தைச் செலவழித்துத் தியாகராஜருக்குக் காவேரிக் கரையில் சந்நிதியும் கட்டினார். தஞ்சாவூர் அரண்மனையில் ஆடிப் பாடிய பரம்பரையில் வந்த வீணை தனம்மாள் (1867–1938) மெல்ல மீட்டியதைச் சில தட்டுகள் பிடித்து வைத்திருக்கின்றன. சமூகம் தேவதாசிகளை ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்தக் கறுப்பு வட்டம் அவர்களுக்கு ஒரு மணை போட்டுக் கொடுத்தது.

அப்படிப்பட்ட தட்டைப் பீரோவில் பூட்டுவது என்ன தர்மம்? பல பேர் கேட்கட்டும் என்று பிறந்த பொருள் அது. அரக்கு நொறுங்கும், தஞ்சாவூர் வெயிலில் வளையும், உறையைக் கரையான் தின்னும், கடைசியில் ஒரு நாள் பேரன் பீரோவைக் காலி செய்யும்போது மூட்டையாகக் கட்டிப் போட்டுவிடுவான். ஊசி தேய்க்காததைக் காலம் தேய்க்கும். ஊசி தேய்த்தாலாவது நாலு காதில் விழுந்திருக்கும். இன்று ஒரு தட்டை ஒரே ஒரு தரம் பக்குவமாக ஓட்டிப் பிரதி எடுத்து வைத்துவிட்டால் உலகம் முழுக்கக் கேட்கலாம். அப்படி எடுத்து, யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று திறந்துவிட்ட புண்ணியவான்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் சண்டை பூட்டுச் சாவியோடுதான்.

ஆனால் தட்டு வெளியே வந்துவிட்டால் மட்டும் போதாது. முதலில் சொன்னேனே, அடி யார் முதுகில் என்று. அதற்கு வருகிறேன்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே நரசிங்கம்பேட்டை. ஆச்சா மரத்தில் நாயனம் கடைகிற ஊர். 2022-ல் அந்த வாத்தியத்துக்குப் புவிசார் குறியீடு என்கிற சர்க்கார் முத்திரை கிடைத்தது. சந்தோஷம். மரத்துக்கு மரியாதை வந்துவிட்டது. ஊதுகிற வாய்க்கு எப்போது வரும்? இன்றைக்குப் பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் பொத்தானை அமுக்கினால் முரசும் மணியும் தாமாக அடித்துக்கொள்கிற மோட்டார் மேளம் வந்துவிட்டது. அதற்குச் சம்பளம் வேண்டாம், படி வேண்டாம், வெற்றிலை பாக்கு வேண்டாம். கல்யாணக் கூடத்தில் மேளக்காரர் இருக்கிறார். சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற வழியில் ஒரு மூலையில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில். மாங்கல்யதாரணத்தின்போது யாராவது விரலை ஆட்டினால் கெட்டிமேளம் கொட்டவேண்டும். மற்ற நேரத்தில் அவர் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. நல்ல கரகரப்ரியா ஒன்றை எடுத்து விஸ்தாரம் பண்ண ஆரம்பித்தால், ஒரு சின்னப் பையன் வந்து சினிமாப் பாட்டு கேட்டுவிட்டுப் போகிறான்.

அதே கல்யாணத்துக்கு நம் தட்டுக்காரரும் வந்திருப்பார். முன் வரிசையில்தான் இருப்பார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். அவர் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் ஒரு மனிதர் தோடி வாசித்துக்கொண்டிருப்பார். இவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

இதற்குத்தான் என் கோபமெல்லாம். செத்துப்போன வித்வானுக்குக் கண்ணீர் விடுவதற்குக் காசு செலவில்லை. இருக்கிற வித்வானைக் கேட்பதற்குப் பணம் கொடுக்கவேண்டும், நேரம் கொடுக்கவேண்டும், சும்மா இருக்கவேண்டும். 'எல்லாம் போச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்த மூன்றும் மிச்சம். சுத்த லோபித்தனத்துக்கு ரஸனை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நம் வீட்டுப் பெரியவர்களும் ஒரு கை கொடுத்துத்தான் இருக்கிறார்கள். 'தில்லானா மோகனாம்பாள்' படம் வந்தது 1968-ல். சிவாஜி கன்னத்தை உப்பிக்கொண்டு வாசிப்பது நம் எல்லார் கண்ணிலும் நிற்கிறது. திரைக்குப் பின்னால் உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் என்று நம்மில் எத்தனை பேர் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யாரைக் காட்டி இந்தக் காலத்தை வைகிறார்களோ, அந்த ராஜரத்தினம் பிள்ளை பழமையைப் பூட்டி வைத்தவர் அல்ல. குடுமியை எடுத்தார். கோட்டுப் போட்டுக்கொண்டார். ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார். நாயனக்காரனுக்கும் மேடையில் உட்கார்ந்து வாசிக்கிற கௌரவம் உண்டு என்று அடம்பிடித்து வாங்கினார். அன்றைக்கும் யாராவது ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து "எல்லாம் போச்சு" என்று சொல்லாமலா இருந்திருப்பார்? அந்தப் பெரியவர் பேச்சை ஊர் கேட்டிருந்தால், இந்தப் பெரியவர் பீரோவில் தட்டு ஏது?

ஆகையால் தட்டு வைத்திருக்கிற அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது. பீரோவைத் திறவுங்கள். பிரதி எடுக்கத் தெரிந்தவனைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு பெட்டிக்குச் சாவி கொடுத்து, தெருப் பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அந்தத் தோடியை ஒரு தரம் போடுங்கள். ஊசி தேய்ந்தால் தேயட்டும். அடுத்த கல்யாணத்தில் நாற்காலியைப் பந்திப் பக்கம் போடாமல் மேளக்காரர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் நன்றாக வாசித்தால் "பேஷ்" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். சரியாக வாசிக்காவிட்டால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த தடவை நன்றாக வாசிப்பார். போகும்போது வெற்றிலைத் தட்டில் ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போங்கள்.

எந்தத் தட்டையும்விட அந்தத் தட்டுதான் இன்றைக்கு நாயனத்தைக் காப்பாற்றும்.